குதிகால் ஊன்றாத காலையில்: சொரியாசிஸ் மூட்டுவாதமும் வீட்டில் செய்யும் பயிற்சியும்

எங்கள் வீட்டில் படுக்கும் அறையிலிருந்து முகப்புக்கு வர மூன்று நிலைப்படிகளைத் தாண்ட வேண்டும். பழைய செட்டிநாட்டு வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், தூக்கிவைத்த காலை அந்தப் பக்கம் இறக்கும்போது முழு எடையும் ஒரே காலில் விழும். நல்ல கால்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில் நான் முதல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். குதிகாலை ஊன்றினால் ஆணிமேல் ஊன்றியது போல இருந்தது. வலது காலின் நாலாவது விரல் மட்டும் அடியிலிருந்து நுனி வரை ஒரே பருமனாக உப்பி, பிடிகொழுக்கட்டை மாதிரி இருந்தது. ஆத்தா பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு ஒரு வேலையும் பாக்காமப் படுத்துக்கத்தா" என்றார்கள். எதிர்வீட்டு ஆச்சி வந்து, "படுத்தா இன்னும் மடங்கிப்போகும், காலையில எந்திரிச்சு ஊருணியை நாலு சுத்துச் சுத்து, எல்லாம் சரியாயிரும்" என்றார்கள்.

இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். இரண்டையும் செய்து பார்த்தேன். ஒரு வாரம் படுத்தேன், விறைப்பு இடுப்பு வரைக்கும் ஏறியது. அப்புறம் ஊருணியைச் சுற்றினேன், மூன்றாம் நாள் செருப்புக்குள் கால் நுழையவில்லை. இந்த நோய்க்கு ஏன் ஓய்வும் ஒத்துவரவில்லை, நடையும் ஒத்துவரவில்லை என்பது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. புரிந்த பிறகு, வீட்டில் என்ன செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதும் தானாகத் தெளிவானது. நான் மருத்துவர் இல்லை, இந்த நோயோடு வாழ்கிறவள். என் மருத்துவரிடமும் பிசியோவிடமும் கேட்டும், தேடிப் படித்தும், என் உடம்பில் பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சொரியாசிஸ் என்றால் முழங்கை, முழங்கால், தலை என்று செதில் செதிலாக உதிரும் தோல் நோய் என்று எல்லாரும் அறிவார்கள். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குவதால் வருவது, தொட்டால் ஒட்டாது. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார யோசிக்கிறவர்கள் இன்றைக்கும் இருப்பதால் இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு அந்தத் தாக்குதல் தோலோடு நிற்காமல் மூட்டுக்கும் போகிறது, அதுதான் சொரியாசிஸ் மூட்டுவாதம். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவில் ஆரம்பிக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சமமாக வரும். அநேகம் பேருக்குத் தோலில் வந்து பல வருடம் கழித்துத்தான் மூட்டுக்கு வரும். சிலருக்கு மூட்டுதான் முதலில்.

ரொம்ப காலம் இதை முடக்குவாதத்தின், அதாவது ருமாட்டாய்டு மூட்டுவாதத்தின், ஒரு கிளை என்றுதான் நினைத்திருந்தார்கள். 1973 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மோல், ரைட் என்ற இரண்டு மருத்துவர்கள் இது எந்தெந்த விதமாக மூட்டுகளைப் பிடிக்கிறது என்று ஐந்து வகையாகப் பிரித்து எழுதிய பிறகுதான் தனி நோயாக நன்றாக நிலைபெற்றது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை இந்த நோயில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்றே வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. "ரத்தத்தில் ஒன்றும் இல்லை, வயசாகிறதல்லவா" என்று ஒருவர் சொல்லி வலி மாத்திரை எழுதிக்கொடுத்ததை நம்பி இரண்டு வருடம் ஓட்டினேன். அந்த இரண்டு வருடத்தில் ஒருவரும் என் நகங்களைப் பார்க்கவில்லை. ஊசிமுனையால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள், ஓரத்தில் நகம் சதையிலிருந்து விட்டுப் பெயர்ந்து வெள்ளையாகத் தெரிவது, இவை இந்த மூட்டுவாதத்தோடு ரொம்ப நெருக்கமானவை. சொரியாசிஸ் உள்ள யாராவது, அல்லது அவர்கள் அண்ணன் தம்பி பிள்ளைகள் யாராவது, குதிகால் வலி, விரல் வீக்கம், காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு என்று சொன்னால் நகத்தைப் பாருங்கள், அப்படியே ஒரு மூட்டுவாத மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

சரி, உடற்பயிற்சிக்கு வருவோம். அதற்கு முன்னால் நோய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரண மூட்டுத் தேய்மானத்தில் கோளாறு குருத்தெலும்பில். முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வில். சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் சவ்வும் வீங்கும், ஆனால் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது: தசையின் நாண் எலும்பில் வந்து ஒட்டும் அந்தச் சின்ன இடம். நம் ஊரில் நாணையும் நரம்பென்றே சொல்கிறோம், "குதிகால் நரம்பு இழுக்குது" என்றால் அது பெரும்பாலும் இதுதான். எங்கள் வீடுகளின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், நிற்கும் தேக்குத் தூணையும் மேலே ஓடும் உத்தரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேரும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் ஓட்டின் பாரம் முழுக்க இறங்கும். நாண் எலும்போடு சேரும் இடமும் அப்படித்தான். நடக்கும்போது, குனியும்போது, குடம் தூக்கும்போது இழுப்பு முழுவதும் அங்கேதான் வந்து நிற்கிறது. குதிகாலின் பின்பக்கம், உள்ளங்கால் குதிகாலில் ஆரம்பிக்கும் இடம், முழங்கைப் புறம், முழங்கால் சில்லைச் சுற்றி, இடுப்பெலும்பின் விளிம்பு, எல்லாம் இப்படிப்பட்ட இடங்கள். உப்பிய விரலும் இதோடு சேர்ந்ததுதான், மூட்டு மட்டுமில்லாமல் விரலை மடக்கும் நாணின் உறையும் சேர்ந்து அழற்சியாவதால்தான் முழு விரலும் வீங்குகிறது.

தோலில் ஓர் உண்மை இருக்கிறது, 19 ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் கவனித்துச் சொன்னது. சொரியாசிஸ் உள்ளவரின் நல்ல தோலில் கீறல் விழுந்தால், உரசினால், அந்த இடத்திலேயே புதிதாகப் படை கிளம்பும். உள்ளே நாண் ஒட்டும் இடத்திலும் இது போன்ற ஒன்றுதான் நடக்கிறதோ, அதிகமான இழுப்பு ஒரு காயம் போல வேலை செய்து அழற்சியைக் கூப்பிடுகிறதோ என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாகக் கேட்டுவருகிறார்கள். 2014 இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து ஆய்வாளர்கள், இந்த வகை வாதம் வரும் எலிகளின் பின்னங்கால்களில் எடை விழாமல் தூக்கிவைத்துப் பார்த்தார்கள். எடை விழாத கால்களின் குதிநாணில் அழற்சி வெகுவாக அடங்கியிருந்தது.

இதைப் படித்த அன்று எனக்குப் பயம் வந்தது. அப்படியானால் ஆத்தா சொன்னதுதான் சரியா, காலைத் தூக்கிவைத்துப் படுத்துவிட வேண்டியதுதானா? எலியைக் கொஞ்ச நாள் தொங்கவிடலாம், மனுஷியை முடியாது. படுத்தால் தசை கரையும், தசை கரைந்தால் அது தாங்கிக்கொண்டிருந்த இழுப்பும் நாணுக்கே போகும், எடை ஏறும், எலும்பு பலம் குறையும், இதயத்துக்கும் கேடு. இந்த நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏற்கனவே கூடுதல். போதாததற்கு, அழற்சி வாதத்தின் விறைப்பு சும்மா இருந்தால் ஏறி, அசைந்தால் இறங்கும் சுபாவம் கொண்டது. மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து இறங்கும்போது கால் எப்படி இருக்கும் என்று நம்மில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மனிதர்களிடம் செய்து பார்த்த ஆய்வுகள்தான் எனக்குத் தைரியம் கொடுத்தன. நார்வேயில் இந்த நோய் உள்ள 67 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 11 வாரம் நன்றாக மூச்சு வாங்கும்படியான பயிற்சி கொடுத்தார்கள், நாலு நிமிடம் வேகமாக, நடுவில் மெதுவாக, மறுபடி நாலு நிமிடம் வேகமாக. 2018, 2019 இல் வெளியான முடிவுகளில் அவர்களுக்கு மூச்சுத் திறன் கூடியிருந்தது, கொழுப்புக் குறைந்திருந்தது, அசதி குறைந்திருந்தது, நோய் கிளம்பவில்லை. முக்கியமான விஷயம், அந்தப் பயிற்சி பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளில். இதயம் கடினமாக உழைத்தது, குதிகாலில் அடி விழவில்லை. பிரேசிலில் 41 பேரை வைத்து, எடை தூக்கித் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை வாரம் இரண்டு முறை 12 வாரம் செய்ததில் அன்றாட வேலை செய்யும் திறனும் நோயின் தொந்தரவும் இரண்டுமே மேம்பட்டன. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2018 இல், அழற்சி வாதம் உள்ளவர்களுக்கும் உடற்பயிற்சி பாதுகாப்பானது, பொதுமக்களுக்குச் சொல்லும் அளவே இவர்களுக்கும் இலக்கு என்று பரிந்துரைத்தது. அதாவது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை.

ஆகவே இழுப்பு விழத்தான் வேண்டும், ஆனால் படிப்படியாக, உடம்பு பழகப் பழக ஏற வேண்டும். அழற்சியை அடக்க எங்களுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுக்காமல் ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள் இல்லையா, பயிற்சியும் அதே மாதிரி ஓர் அளவு உள்ள மருந்துதான். ஒரு வாரம் சும்மா படுத்துவிட்டு எட்டாம் நாள் ஊருணியை நாலு சுற்று என்பது மருந்தை நிறுத்திவிட்டு நாலு மடங்கு சேர்த்து விழுங்கியது போல. நான் செய்த தப்பு அதுதான்.

அளவு சரியா என்று எப்படித் தெரியும்? பிசியோக்கள் சொல்லும் இரண்டு மணி நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது, எனக்கு இது போதுமானதாக இருக்கிறது. பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், பரவாயில்லை. முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால் அன்றைக்குச் செய்தது கூடுதல். மறுநாள் காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்பது இரண்டாவது சாட்சி. தினசரி கிழிக்கும் நாட்காட்டி எங்கள் வீட்டில் நிலைக்கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கிழித்த தாளின் பின்பக்கத்தில் காலையில் விறைப்பு எத்தனை நிமிடம், முந்தின நாள் என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதி ஒரு ஓலைக் கொட்டானில் போட்டுவைப்பேன். 40 நிமிடம் என்று எழுதிய தாள்கள், அப்புறம் 25, அப்புறம் திடீரென்று ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் 90. அந்தத் தாள்களைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு எது ஆகாது என்று தெரிந்தது, நடப்பது ஆகும், மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது ஆகவே ஆகாது.

எந்த நேரத்தில் செய்வது என்பதிலும் நம் ஊர் வழக்கம் இந்த நோயோடு மோதுகிறது. விடியற்காலையில் நடப்பதுதான் நல்லது என்பார்கள், வெயிலை நினைத்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் எங்களுக்கு விடியற்காலைதான் உடம்பு ரொம்பக் கெட்டியாக இருக்கும் நேரம். அதனால் நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். காலையில் எழுந்திருக்கும் முன்பே படுக்கையில் பத்து நிமிடம் வெறும் அசைவு, பாரம் எதுவும் இல்லை. கணுக்காலை மேலும் கீழும், பிறகு வட்டமாக, முழங்காலை ஒவ்வொன்றாக நெஞ்சை நோக்கி, இரண்டு முழங்காலையும் மடித்து வலமும் இடமும் சாய்ப்பது, தோளை உருட்டுவது. முதலில் அசைத்துவிட்டு அப்புறம் ஊன்றினால் அந்த ஆணி குத்துவது பாதியாகிறது. பாரம் வைக்கும் பயிற்சியெல்லாம் சாயங்காலம், வெயில் இறங்கி வளவில் நிழல் விழுந்த பிறகு.

குதிகாலுக்குச் செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. இணையத்தில் குதிகால் வலி என்று தேடினால் படியின் விளிம்பில் முன்காலை வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி ஏற்றும் பயிற்சியைத்தான் முதலில் காட்டுவார்கள். நாணின் நடுப்பகுதியில் கோளாறு உள்ளவர்களுக்கு அது சரி. எங்களுக்குக் கோளாறு நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே. குதிகாலைக் கீழே இறக்கினால் நாண் எலும்பின் மேல் அழுந்தி அந்த இடம் இன்னும் நசுங்கும். அதனால் திண்ணைப் படியும் வேண்டாம், நிலைப்படியும் வேண்டாம், சமதரையில் செய்யுங்கள். வளவுத் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிகாலையும் ஓர் அங்குலம் தூக்கி, அப்படியே 20 எண்ணும் வரை நிற்பது, இறக்குவது, ஒரு நிமிடம் ஓய்வு. இதை நாலு தடவை. ஏற்றி இறக்கும் அசைவு முதலில் வேண்டாம், பிடித்து நிற்பது மட்டும் போதும். இரண்டு வாரம் இரண்டு மணி நேரக் கணக்கு சரியாக வந்தால் எண்ணிக்கையை 30 ஆக்கலாம், பிறகு மெதுவாக ஏற்றி இறக்கலாம். ஒற்றைக் காலில் செய்வதற்கு எனக்கு ஐந்து மாதம் ஆனது. தூண் வழவழப்பாக இருப்பதால் நான் நைந்த பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டு ஒன்றை அதில் சுற்றிக் கட்டி அந்த இடத்தில் பிடித்துக்கொள்வேன், விரல் வீங்கியிருக்கும் நாளில் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

தொடைக்குத் திண்ணை இருக்கிறது. உட்கார்ந்து எழுவதுதான் பயிற்சி, கையை ஊன்றாமல், மெதுவாக, இறங்கும்போது மூன்று எண்ணி. தாழ்வான திண்ணை என்றால் முழங்காலுக்குக் கடினம், அதனால் உயரமான நாற்காலியில் ஆரம்பித்து, மேலே தலையணை வைத்தும் ஆரம்பித்து, மாதம் ஆக ஆகத் தாழ்த்துங்கள். எட்டு முறை, ஒரு இடைவெளி, மறுபடி எட்டு. முட்டியில் நீர் கோத்து வீங்கியிருக்கும் நாளில் இது வேண்டாம், காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, துண்டைக் கீழே அழுத்துவது போதும்.

முதுகைப் பற்றி. சிலருக்கு இந்த நோய் முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் பிடிக்கும், அதன் அடையாளம் பின்னிரவில் வலி எழுப்பிவிடுவது, எழுந்து நடமாடினால் குறைவது. அவர்களுக்கு நிமிர்வதுதான் முக்கியமான பயிற்சி. சுவரில் குதிகால், இடுப்பு, தோள், பின்தலை நாலும் தொடும்படி நின்று, மோவாயைத் தூக்காமல் நெஞ்சு விரிய மூச்சிழுப்பது. பின்தலை சுவரைத் தொடவில்லை என்றால் எத்தனை விரற்கடை இடைவெளி என்று மாதம் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் குப்புறப் படுப்பதும் நல்லது. கழுத்தை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பலாம், ஆனால் முடிவெட்டும் கடையில் கழுத்தைப் பிடித்து நெட்டி முறிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். வீட்டு ஆண்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள், கழுத்தெலும்பில் அழற்சி உள்ளவருக்கு அது ஆபத்து. தலைகீழாக நிற்கும் ஆசனங்களும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. மற்றபடி யோகா நல்லதுதான், மணிக்கட்டு வீங்கியவர்கள் கையைத் தரையில் ஊன்றும் ஆசனங்களைச் சுவரில் ஊன்றிச் செய்யலாம்.

கை விரல்களுக்குப் பந்தைப் பிசையச் சொல்வார்கள். உப்பிய விரலால் பந்தை இறுக்கிப் பிசைவது வீங்கிய உறையையே கசக்குவது போல, அது தணிந்த பிறகுதான். வீங்கியிருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, விரல்களை நன்றாக விரித்து, தளர்வாக மூடி, கட்டை விரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டால் போதும்.

இங்கே ஒரு கேள்வி வரும், என் நாத்தனார் கேட்டது, நானும் முன்பு கேட்டதுதான். "நாள் முழுக்க அடுப்படியில நிக்கிறேன், பெருக்குறேன், துவைக்கிறேன், இதுக்கு மேல என்ன பயிற்சி?" உண்மையான கேள்வி, ஒதுக்கித் தள்ளக் கூடாது. வீட்டு வேலையும் உழைப்புதான், ஆனால் வேலை உடம்பைப் பார்த்து அளவு போடாது. கல்யாண வீட்டுப் பலகாரத்துக்குக் கைமுறுக்குச் சுற்ற உட்கார்ந்தால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரே திருகலை நூற்றுக்கணக்கான தடவை செய்கின்றன, மாவு தீரும் வரை நிறுத்த முடியாது, இடது கை சும்மா இருக்கும். பயிற்சி என்பது எந்தத் தசைக்கு எவ்வளவு என்று நாம் முடிவு செய்வது, வலித்தால் நிறுத்துவது, அடுத்த வாரம் கொஞ்சம் ஏற்றுவது. அந்த நாத்தனாருக்கு நான் சொன்னது, முதலில் வேலையின் இழுப்பைக் குறை, அந்த மிச்சத்தில் பயிற்சி செய். கரண்டிக் காம்பில் துணி சுற்றிப் பருமனாக்கினால் விரல் இறுக்க வேண்டியதில்லை. பாத்திரத்தை விரலால் தூக்காமல் இரண்டு உள்ளங்கையால் ஏந்தலாம். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டலாம். முறுக்குச் சுற்றுகிறவர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கையை விரித்து மூடலாம், வயதில் மூத்த ஆச்சிமார் முன்னால் எழுந்திருக்கக் கூச்சமாக இருந்தாலும்.

தோலையும் மூட்டையும் சேர்த்து நினைக்க வேண்டியது எங்களுக்கு மட்டும் உள்ள வேலை. கோரைப்பாயில் முழங்கை ஊன்றிச் செய்தால் அங்குள்ள படை உரசி அதிகமாகும், மேலே மெத்தென்று ஒரு பருத்தி விரிப்பு போடுங்கள். வியர்வை காய்ந்தால் எரியும், முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே களிம்பு தடவுங்கள். ஆனால் களிம்பு தடவிய உள்ளங்காலோடு ஆத்தங்குடித் தரையில் கால் வைக்காதீர்கள். அந்தக் கல்லின் வழவழப்பு எவ்வளவு அழகு, எங்கள் வளவில் எத்தனையோ வருடத் தேய்ப்பில் கண்ணாடியாகிவிட்டது, அதில் எண்ணெய்க் கால் என்றால் விழுந்தே தீர வேண்டும். நான் ஒருமுறை விழுந்து மணிக்கட்டு ஊன்றி ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். பயிற்சிக்கு முன்னால் காலைக் கழுவித் துடையுங்கள், உள்ளங்காலுக்கு மட்டும் களிம்பு இரவு படுக்கும்போது.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் மரபு. குதிகால் அழற்சி உள்ளவர்களுக்குக் கல் தரை ஆகாது. மெத்தென்ற, பிடிமானம் உள்ள செருப்பு ஒன்றை வீட்டுக்குள் மட்டும் போட என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் சாமி வீட்டுக்கு முன்னால் கழற்றிவிடுவது என்று ஆத்தா ஒப்புக்கொண்டார்கள். வெளியே போகாத செருப்பு என்பதால் அழுக்கும் இல்லை.

நோய் கிளம்பும் நாட்கள் வரும், எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வரும். அன்றைக்குப் பாரம் வேண்டாம், வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், வீக்கச் சூட்டுக்குக் குளிர்ச்சி, இதை மாற்றிச் செய்யாதீர்கள். ஆனால் அன்றைக்கும் அந்த மூட்டை வலிக்காத எல்லை வரை நாளைக்கு ஒன்றிரண்டு முறை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும், மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கித் தளர்த்த வேண்டும். தணிந்த பிறகு விட்ட இடத்தில் ஆரம்பிக்காமல் பாதியில் ஆரம்பியுங்கள். ஒரே மூட்டு திடீரென்று சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்றால், அது பயிற்சிக் கணக்கில் சேராது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டுப் பயிற்சியால் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. வெட்பாலைத் தைலமும் நடையும் போதும் என்று என்னிடமே சொன்னார்கள். அழற்சியை அடக்காமல் விட்டால் எலும்பு அரிக்கும், அரித்த எலும்பைப் பயிற்சி திரும்பக் கொண்டுவராது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே, எந்தக் கிழமை என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எடையைப் பற்றியும் ஒன்று: பருமனான நோயாளிகள் உடல் எடையில் 5 சதவீதம் குறைத்தபோது அழற்சியை அடக்கும் ஊசி மருந்து நன்றாக வேலை செய்ததாக 2014 இல் இத்தாலியில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. 80 கிலோ இருப்பவருக்கு அது 4 கிலோ. விசேஷ வீட்டில் வெள்ளைப் பணியாரத்தை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஒன்றோடு எழுந்திருக்கப் பழகினேன்.

கடைசியாகத் தைப்பூச நடை. குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பது எங்கள் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வருவது, அப்பச்சி வருடம் தவறாமல் நடந்தவர்கள். இந்த நோய் வந்த பிறகு வேண்டுதலை எப்படி விடுவது என்று தவிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். நோய் தெரிந்த முதல் வருடம் ஒரு தயாரிப்பும் இல்லாமல் நடக்கப் போய், இரண்டாம் நாளே வண்டியில் ஏற்றிவிட்டார்கள், குதிகால் தணிய சித்திரை ஆனது. மறு வருடம் ஆவணியிலேயே ஆரம்பித்தேன். முதல் வாரம் வளவைச் சுற்றி எட்டு நிமிடம், பேசிக்கொண்டே நடக்கும் வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வாரத்துக்கு ஓரிரு நிமிடம்தான் ஏற்றினேன், நடுவில் இரண்டு முறை இறக்கவும் வேண்டியிருந்தது. மார்கழிக் கடைசியில் குதிகால் கெட்டியான ஷூவோடு 35 நிமிடம் ஆனது. அந்தத் தையில் குன்றக்குடியில் காவடிகள் கிளம்பும்போது கூடவே அரை மணி நடந்தேன், பிறகு தம்பியின் காரில் ஏறிக்கொண்டு, தங்கும் இடங்களில் இறங்கிக் கூட்டத்தோடு கொஞ்சம் கொஞ்சம் நடந்தேன்.

மதுரைக்கோ திருச்சிக்கோ மூட்டுவாத மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நாட்காட்டித் தாள்களைக் கொண்டுபோங்கள். பயணம் நீளம், ஆஸ்பத்திரியில் கூட்டம், உள்ளே போனதும் கேட்க நினைத்தது மறந்துவிடும். விறைப்பு நிமிடங்களை வரிசையாகக் காட்டினால் மருந்து வேலை செய்கிறதா என்று அவர்களுக்கும் சட்டென்று பிடிபடும். ஒரு பிசியோவுக்குச் சீட்டு எழுதித்தரச் சொல்லி நீங்களே கேளுங்கள். அவரிடம், எனக்கு நாண் ஒட்டும் இடத்தில் அழற்சி, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். வீட்டு நிலைப்படியையும் திண்ணையையும் செல்போனில் படம் எடுத்துக் காட்டுங்கள், உயரம் பார்த்துச் சொல்வார்கள். திரும்பி வரும்போது முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஒருமுறை தூக்கி இறக்குங்கள்.